கையெழுத்துப் போடாதவரையும் ஆர்பிட்ரேஷன் கட்டுப்படுத்துமா?

பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வருகிறது. "இன்ன கடன் ஒப்பந்தத்தின் கீழ் எழுந்த தாவாவை விசாரிக்க நடுவர் நியமிக்கப்பட்டுள்ளார். இன்ன தேதியில் ஆஜராக வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பெறுபவர் கடன் வாங்கியவராகத்தான் இருப்பார் என்றில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனராக இருக்கலாம். இறந்துபோன கடன்தாரரின் மனைவியாகவோ, கூட்டுத் தொழிலிலிருந்து எப்போதோ விலகிய பங்குதாரராகவோ, ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் தாய் நிறுவனமாகவோ இருக்கலாம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்தே போடவில்லையே, என்னை எப்படி இழுக்க முடியும்?"

2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்விக்கு விரிவான பதில் தந்தது. 2025-இல் வந்த சில தீர்ப்புகள் அதன் விளைவுகளை மேலும் விரித்தன. "கையெழுத்து இல்லையென்றால் கட்டாது" என்ற பழைய பதில் இன்று போதாது. "ஒரே குழுமத்துக் கம்பெனி என்றாலே கட்டும்" என்று வணிக வட்டாரத்தில் சொல்லப்படுவதும் சரியல்ல. சட்டம் தேடுவது சம்மதத்தை. அந்தச் சம்மதம் யாருடையது, எதற்குக் கொடுக்கப்பட்டது, எப்படி வெளிப்பட்டது என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

முதலில் சில சொற்கள்

ஆர்பிட்ரேஷன் என்பது நடுவர் விசாரணை. இரு தரப்பும் தங்கள் தாவாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், தாங்கள் ஒப்புக்கொண்ட ஒரு நடுவரிடமோ மூன்று நடுவர்களிடமோ கொடுப்பது. இதை மத்தியஸ்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மத்தியஸ்தர் இருவரையும் பேசவைப்பார். உடன்பாடு வராவிட்டால் எழுந்து போய்விடலாம். நடுவர் அப்படியல்ல, தீர்ப்பே சொல்வார். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, அந்தத் தீர்ப்பை நீதிமன்ற டிக்ரியைப் போலவே நிறைவேற்றலாம். வீட்டை ஜப்தி செய்யவும் வங்கிக் கணக்கை முடக்கவும் அது போதும்.

பெரும்பாலும் இதற்கென்று தனி ஒப்பந்தம் எதுவும் இருக்காது. கடன், கட்டுமானம், ஏஜென்சி, கூட்டாண்மை என எந்தப் பத்திரமானாலும் கடைசிப் பக்கங்களில் "தாவா எழுந்தால் நடுவரிடம் விடப்படும்" என்று ஒரு பத்தி இருக்கும். அதுவே நடுவர் ஷரத்து. மற்ற ஷரத்துகளோடு சேர்ந்து அச்சாகியிருந்தாலும் சட்டம் இதைத் தனி ஒப்பந்தமாகவே பார்க்கிறது. இந்தத் தனித்தன்மையை நினைவில் வைத்தால் பின்னால் வரும் பல முடிச்சுகள் தாமாக அவிழும். ஒரு கடனுக்குப் பொறுப்பேற்பது ஒரு சம்மதம். அந்தக் கடன் பற்றிய வழக்கை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் விசாரிக்கலாம் என்பது இன்னொரு சம்மதம்.

எழுத்து கட்டாயம், கையெழுத்து கட்டாயமல்ல

சட்டத்தின் 7-ஆம் பிரிவுதான் அஸ்திவாரம். நடுவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எது எழுத்து என்பதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது.

1. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆவணம்.
2. ஒப்பந்தம் இருப்பதைக் காட்டும் கடிதப் போக்குவரத்து. 2015 திருத்தத்துக்குப் பிறகு மின்னணுத் தகவல்தொடர்பு என்பதும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே மின்னஞ்சலில் வந்த விதிமுறைகளுக்கு "சரி, வேலையைத் தொடங்குங்கள்" என்று அனுப்பிய பதிலும் சாட்சியமாகலாம்.
3. ஒருவர் தன் கோரிக்கை மனுவில் நடுவர் ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லி, மற்றவர் தன் எதிருரையில் அதை மறுக்காமல் விடுவது.

மூன்றாவது வழிதான் பலரைக் கவிழ்ப்பது. நோட்டீஸ் பெற்றவர் பணத்தொகையைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எதிருரை எழுதுகிறார். "எனக்கும் உங்களுக்கும் நடுவர் ஒப்பந்தமே இல்லை" என்ற ஒரு வரியை விட்டுவிடுகிறார். இல்லாதிருந்த ஒப்பந்தம் அந்த மௌனத்தாலேயே உண்டாகிவிடக் கூடும்.

கையெழுத்து இல்லாமலேயே ஷரத்து கட்டும் என்பதற்குக் கப்பல் வணிகத்தில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கேராவெல் ஷிப்பிங் வழக்கில் (2018), சரக்கு ஏற்றுமதி செய்த கேரள நிறுவனம் சரக்கு ஏற்றுச் சீட்டை, அதாவது பில் ஆஃப் லேடிங்கை, ஆதாரமாகக் காட்டிப் பணம் கேட்டு சிவில் வழக்குப் போட்டது. அந்தச் சீட்டின் அச்சிட்ட நிபந்தனைகளில் நடுவர் ஷரத்து இருந்தது. சீட்டில் தாங்கள் கையெழுத்திடவில்லை என்பது ஏற்றுமதியாளரின் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த ஆவணத்தின் பேரில் உரிமை கேட்கிறீர்களோ, அதிலுள்ள நடுவர் ஷரத்தை மட்டும் வேண்டாம் என்று தள்ள முடியாது என்றது.

முத்திரைத்தாள் பற்றி ஒரு சொல். ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டவில்லை, அதனால் நடுவர் ஷரத்தும் செல்லாது என்ற வாதம் 2023 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பால் சில மாதங்கள் பலம் பெற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. முத்திரைக் குறைவு சரிசெய்யக்கூடிய குறை. ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்குவதல்ல.

வேறொரு பத்திரத்திலிருந்து வரும் ஷரத்து

துணை ஒப்பந்ததாரர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. அரசுத் துறை ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை கொடுக்கிறது. அந்தப் பத்திரத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது. பெரிய கம்பெனி அதில் ஒரு பகுதியைச் சிறிய ஒப்பந்ததாரருக்கு விடுகிறது. சிறியவரின் ஒர்க் ஆர்டரில் "மூல ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். மூலத்திலிருந்த நடுவர் ஷரத்தும் அந்த ஒரு வரியோடு வந்துவிடுமா?

எம்.ஆர். என்ஜினியர்ஸ் வழக்கு (2009) இதற்கு விதி வகுத்தது. கேரளப் பொதுப்பணித் துறையின் வேலை ஒன்றில் எழுந்த வழக்கு அது. பொதுவாகச் சுட்டினால் போதாது, நடுவர் ஷரத்தும் பொருந்தும் என்பது அந்தச் சுட்டலிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது நீதிமன்றம். "வேலையை மூல ஒப்பந்தத்தின்படி செய்ய வேண்டும்" என்றால் சிமெண்ட் தரம், அளவு, காலக்கெடு ஆகியவை வரும். வழக்குப் போகும் வழி வராது. வணிகச் சங்கங்களும் தொழில்முறை அமைப்புகளும் வெளியிடும் பொதுவான நிபந்தனைப் படிவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அத்தகைய படிவத்தை ஏற்பதாகச் சொன்னாலே அதிலுள்ள நடுவர் ஷரத்தும் சேர்ந்து வரும்.

என்.பி.சி.சி. என்ற அரசுக் கட்டுமான நிறுவனத்தின் வழக்கு 2024 மார்ச்சில் தீர்ந்தது. அதிலும் இதே விதிதான். பணி ஒப்படைப்புக் கடிதத்தில் மூல டெண்டரின் நிபந்தனைகள் பொருந்தும் என்றிருந்தது. தாவா எழுந்தால் டெல்லி சிவில் நீதிமன்றங்கள் வழியாக மட்டுமே தீர்வு என்ற தனி வரியும் அதில் இருந்தது. நடுவர் விசாரணை கிடையாது என்று முடிவாயிற்று. ஒர்க் ஆர்டர் வாங்குபவர் தொகையைப் பார்த்ததும் கையெழுத்திடாமல், "தாவா" என்ற சொல் வரும் இடங்களை மட்டுமாவது தேடிப் படிக்க வேண்டும்.

ஜாமீன்தாரர்: எந்தத் தாளில் கையெழுத்து?

தமிழ்நாட்டில் நடுவர் நோட்டீஸ் பெற்றுத் திகைப்பவர்களில் ஜாமீன்தாரர் முக்கியமானவர். லாரிக் கடன், டிராக்டர் கடன், தொழில் கடன் எதுவானாலும் உறவுக்காகவோ நட்புக்காகவோ கையெழுத்துப் போட்டிருப்பார். இவரை நடுவர் ஷரத்து கட்டுமா என்பதை விதவிதமான காகிதங்கள் விதவிதமாகத் தீர்மானிக்கின்றன.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய. "பொறுப்பு சமம் என்றால் நடுவர் ஷரத்தும் சமம்தானே?" என்பது கடன் கொடுத்தவரின் வாதம். மோனெட் ஃபைனான்ஸ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதை நேராக மறுத்தது. அந்த வழக்கின் ஜாமீன்தாரர் தனிக் கடிதத்தில் உத்தரவாதம் கொடுத்தவர். நடுவர் ஷரத்து இருந்தது கடன் ஒப்பந்தத்தில். அதில் அவர் கையெழுத்திடவில்லை. அவருக்கு எதிரான நடுவர் தீர்ப்பு நிற்கவில்லை. பணத்துக்குப் பொறுப்பு என்பதும் நடுவரிடம் போகச் சம்மதம் என்பதும் வேறு வேறு என்பதே அதன் சாரம்.

இதைக் கேட்டு அவசரப்பட்டு மகிழ வேண்டாம். கடன் கொடுத்தவர் அவர் மீது சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடத் தடையே இல்லை. இன்றைய கடன் பத்திரங்களும் அன்றுபோல் இல்லை. கடன்தாரர், இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர் மூவரும் ஒரே புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடும்படிதான் பெரும்பாலும் அமைக்கிறார்கள். ஆகவே பார்க்க வேண்டியவை இவை:

1. உங்கள் கையெழுத்து இருப்பது கடன் ஒப்பந்தத்திலா, தனி உத்தரவாதப் பத்திரத்திலா, வெறும் விண்ணப்பப் படிவத்திலா?
2. தனி உத்தரவாதப் பத்திரம் என்றால், அதிலேயே நடுவர் ஷரத்து இருக்கிறதா? இருந்தால் கட்டும்.
3. இல்லையென்றால், "கடன் ஒப்பந்தத்தின் நடுவர் ஷரத்து இந்தப் பத்திரத்துக்கும் பொருந்தும்" என்று குறிப்பாக எழுதியிருக்கிறதா? எம்.ஆர். என்ஜினியர்ஸ் விதி இங்கே வேலை செய்யும்.
4. எந்தத் தகுதியில் கையெழுத்திட்டீர்கள்? "சாட்சி" என்ற இடத்தில் கையெழுத்திட்டவர் ஜாமீன்தாரரும் அல்ல, ஒப்பந்தத் தரப்பும் அல்ல. மற்றவர்கள் கையெழுத்திட்டதற்கு மட்டுமே அவர் சாட்சி.

இவற்றுக்குப் பதில் சொல்லக் கையில் நகல் வேண்டும். பலரிடம் அது இருப்பதில்லை. கையெழுத்திட்ட நாளில் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். நோட்டீஸ் வந்ததும் முதல் வேலையாக ஒப்பந்தத்தின் முழு நகலையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும், நிறுவனத்திடமும் நடுவரிடமும்.

வாரிசு, பங்குதாரர், இயக்குநர், பவர் ஏஜென்ட்

இறந்தவரின் வாரிசுகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு. ஒரு தரப்பு இறந்ததால் நடுவர் ஒப்பந்தம் முடிந்துவிடாது; சட்டப்பூர்வப் பிரதிநிதி மீதும் அதை அமலாக்கலாம், பிரதிநிதியும் அதை அமலாக்கலாம் என்கிறது 40-ஆம் பிரிவு. நடுவரை நியமித்தவர் இறந்தாலும் நடுவரின் அதிகாரம் போய்விடாது. ஆனால் வாரிசின் பொறுப்பு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். மனைவி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு கணவரின் கடனுக்கு ஆளாகாது, அவரே இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தாலொழிய. இந்த வரம்பை எதிருரையிலேயே எழுதி, தீர்ப்பிலும் அது இடம்பெறக் கேட்க வேண்டும். நிறைவேற்று மனு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை இரட்டிப்பாகும்.

கூட்டாண்மைத் தொழிலில் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு. ஒரு பங்குதாரர் செய்யும் வணிகக் காரியம் பொதுவாக நிறுவனத்தையே கட்டும். ஆனால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 19(2)-ஆம் பிரிவில், அந்த உள்ளார்ந்த அதிகாரத்துக்கு வெளியே என்று பட்டியலிட்ட முதல் காரியமே நிறுவனத்தின் வணிகத் தாவாவை நடுவரிடம் விடுவதுதான். அந்தத் தொழிலில் அப்படியொரு வழக்கம் இருந்தாலோ மற்றவர்கள் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்திருந்தாலோதான் அது செல்லும். எனவே கூட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுபவர் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தையோ அதிகாரக் கடிதத்தையோ வாங்கிக்கொள்வது நல்லது. மற்ற பங்குதாரர்கள் தெரிந்தே அந்த ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்துவந்தால், பின்னால் இந்த ஆட்சேபம் வலுவிழக்கும்.

கம்பெனிக்காகக் கையெழுத்திடும் இயக்குநரையும், முதலாளிக்காகக் கையெழுத்திடும் பவர் ஏஜென்டையும் அந்தக் கையெழுத்து தனிப்பட்ட முறையில் கட்டாது. கையெழுத்துக்குக் கீழே "கம்பெனிக்காக" என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதே இயக்குநர் தனிப்பட்ட உத்தரவாதமும் கொடுத்திருந்தால் கணக்கு மாறும். மேலே ஜாமீன்தாரருக்குச் சொன்ன நான்கு கேள்விகள் அவருக்கும் பொருந்தும்.

குழும நிறுவனங்கள்: 2023 தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

கையெழுத்திடாதவரை இழுக்கும் விவாதம் பெரிதாக நடப்பது இங்கேதான். ஒரு குழுமத்தில் ஒரு கம்பெனி கையெழுத்திடுகிறது; பேச்சுவார்த்தை நடத்துவதும் வேலை பார்ப்பதும் பணம் வாங்குவதும் இன்னொரு கம்பெனி. தாவா வந்ததும் கையெழுத்திட்ட கம்பெனியின் கணக்கில் பணமே இருக்காது. வென்றவர் வெறும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

இதற்குத் தீர்வாகப் பிரான்சில் பிறந்ததுதான் குழும நிறுவனக் கோட்பாடு: ஒரு கம்பெனி போட்ட நடுவர் ஒப்பந்தம் அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனியையும் கட்டலாம் என்பது. டௌ கெமிக்கல் விவகாரத்தில் 1982-இல் பாரிசில் நடுவர்கள் தந்த இடைக்காலத் தீர்ப்பு அதன் மூலம். இங்கிலாந்து நீதிமன்றம் 2004-இல் அதை ஏற்க மறுத்தது. சிங்கப்பூரும் 2014-இல் ஒதுக்கியது. இந்தியா 2012-இல் குளோரோ கண்ட்ரோல்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொண்ட வழிதான் கோணலாக அமைந்தது. சட்டத்தில் "ஒரு தரப்பின் வழியாகவோ அவருக்குக் கீழோ உரிமை கோருபவர்" என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதற்குள் குழும நிறுவனத்தைப் புகுத்தினார்கள். தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்தின் வழியாக உரிமை கோருகிறதா என்ன? அது தனி ஆள், தனி உரிமைகள் உள்ளது.

காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்ற பயண நிறுவனத்துக்கும் எஸ்.ஏ.பி. இந்தியா என்ற மென்பொருள் நிறுவனத்துக்கும் எழுந்த வழக்கில் இந்தக் கோணல் சரிசெய்யப்பட்டது. எஸ்.ஏ.பி.யின் ஜெர்மானியத் தாய் நிறுவனம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அதையும் நடுவர் விசாரணைக்குள் கொண்டுவர காக்ஸ் அண்ட் கிங்ஸ் கேட்டது. 2023 டிசம்பர் 6 தீர்ப்பின் மையக் கருத்துகளை இப்படிச் சொல்லலாம்:

1. "தரப்பு" என்ற சொல் கையெழுத்திட்டவரையும், நடத்தையால் சம்மதம் காட்டிய கையெழுத்திடாதவரையும் உள்ளடக்கும்.
2. ஒவ்வொரு கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். ஒரே குழுமம், ஒரே பொருளாதார அலகு என்பது மட்டும் ஒருபோதும் போதாது.
3. "வழியாக உரிமை கோருபவர்" வேறு. நடத்தையால் தரப்பாகிறவர் வேறு. 2012 தீர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கியது பிழை.
4. ஐந்து அம்சங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எல்லாத் தரப்பின் பொது நோக்கம், கையெழுத்திட்டவரோடு உள்ள உறவு, ஒரே பொருள் சார்ந்த விவகாரமா என்பது, பல ஒப்பந்தங்கள் ஒன்றாகப் பின்னிய பரிவர்த்தனையா என்பது, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் அவருடைய பங்கு.

ஐந்தில் கடைசியானதே பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நோக்கத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. செய்த வேலையில்தான் அது தெரியும். ஒரு நூற்பாலைக்கு இயந்திரம் விற்ற ஒப்பந்தத்தில் விற்பனைக் கம்பெனி மட்டும் கையெழுத்திட்டதாக வைத்துக்கொள்வோம். இயந்திரத்தை நிறுவியது, பழுது பார்த்தது, "எங்கள் பொறுப்பில் சரிசெய்து தருகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பியது எல்லாம் உற்பத்தி செய்யும் தாய் நிறுவனம் என்றால், அதை உள்ளே கொண்டுவர வலுவான காரணம் இருக்கிறது. அதே தாய் நிறுவனம் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கையில் கையெழுத்திட்டதோடு நின்றிருந்தால், எவ்வளவு பணக்கார நிறுவனமானாலும் இழுக்க முடியாது.

குழுமத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் சார்பில் எழுதுகிறோம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் தெளிவாக்காவிட்டால், எழுதிய ஒவ்வொரு வரியும் தாய் நிறுவனத்தின் சம்மதத்துக்குச் சாட்சியமாகும்.

உரிமையை வாங்கியவர் கடமையையும் வாங்குகிறார்

"வழியாக உரிமை கோருபவர்" யார் என்பதற்குச் சென்னை வழக்கு ஒன்றே நல்ல விளக்கம். கஸ்தூரி அண்ட் சன்ஸ் நிறுவனம் 2004-இல் ஒரு தொழிலதிபரோடு ஒப்பந்தம் போட்டு, ஸ்போர்ட்டிங் பாஸ்டைம் என்ற கம்பெனியின் பங்குகளை மாற்றிக்கொடுத்தது. அவர் தன் நியமனதாரர் (நாமினி) பெயரிலும் பங்குகளை வாங்கலாம். நியமனதாரரும் ஒப்பந்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பகுதிப் பங்குகள் சேரன் பிராப்பர்டீஸ் என்ற கம்பெனிக்குப் போயின. தாவா எழுந்து, பங்குகளைத் திருப்பித் தரும்படி 2009-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. விசாரணையில் சேரன் தரப்பாக இல்லை, ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. ஆயினும் தீர்ப்பு அதைக் கட்டும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடுவர் தீர்ப்பு தரப்புகளையும் "அவர்களுக்குக் கீழ் உரிமை கோருபவர்களையும்" கட்டும் என்பது 35-ஆம் பிரிவு. சேரனுக்கு அந்தப் பங்குகளில் இருந்த உரிமை முழுக்க முழுக்க அந்தத் தொழிலதிபர் வழியாக வந்தது.

கடனை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கும்போதும் இதே தர்க்கம்தான். கடன் ஒப்பந்தத்தை முறையாக மாற்றி எடுத்த நிறுவனம் பழைய நிறுவனத்தின் இடத்தில் நிற்கும். நடுவர் ஷரத்தும் அதோடு போகும். மாற்றிக்கொடுத்ததற்கான பத்திரத்தைக் காட்டச் சொல்லும் உரிமை கடன்தாரருக்கு உண்டு.

யார், எப்போது முடிவு செய்வது?

நடுவரை நியமிக்கக் கேட்டு 11-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் போகும்போது, நடுவர் ஒப்பந்தம் இருப்பதாக மேலோட்டமாகத் தெரிகிறதா என்று மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். கையெழுத்திடாதவர் கட்டுப்படுவாரா என்ற சிக்கலான கேள்வி நடுவருக்கு விடப்படும். காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கிலேயே 2024 செப்டம்பரில் அப்படித்தான் விடப்பட்டது.

2025 ஏப்ரலில் வந்த அதவ்யா பிராஜெக்ட்ஸ் தீர்ப்பும், மே மாதம் வந்த ஏ.எஸ்.எஃப். பில்ட்டெக் தீர்ப்பும் இன்னும் ஓர் அடி போயின. தொடக்க நோட்டீஸ் வரவில்லை, நீதிமன்ற நியமன மனுவில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் தப்ப முடியாது. நடுவர் ஒப்பந்தம் கட்டக்கூடியவர் என்றால், விசாரணை நடுவில்கூட நடுவரே அவரைத் தரப்பாகச் சேர்க்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் எதிர்ப்பக்கமும் தெளிவாக்கப்பட்டது: ஒப்பந்தத் தரப்பு அல்லாதவர் வேடிக்கை பார்க்கவென்று விசாரணையில் உட்கார உரிமை இல்லை.

கையெழுத்து இருந்தும் நிற்காத இடங்கள்

நுகர்வோர் புகார் கொடுப்பவரை நடுவர் ஷரத்து தடுக்காது, எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-இல் இது உறுதியானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனி மன்றத்துக்கு ஒதுக்கிய வாடகைத் தாவாவும் நடுவரிடம் போகாது என்று 2020-இல் தீர்ந்தது. மோசடி என்ற சொல்லைப் போட்டால் மட்டும் ஷரத்து உடைந்துவிடாது. திருநெல்வேலி ஹோட்டல் ஒன்றின் பங்குதாரர்களான சகோதரர்களின் வழக்கில் (2016), கணக்கு வழக்கு பற்றிய சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிக்கலாம் என்று முடிவானது.

கடன் நிறுவனம் தானாகவே ஒரே நடுவரை நியமிப்பது வேறு வகைக் குறை. பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் (2019), வழக்கின் முடிவில் அக்கறையுள்ளவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்றானது. இங்கே நடுவர் ஒப்பந்தம் செத்துவிடாது. நடுவர் மட்டும் மாற வேண்டும். தாவா எழுந்த பிறகு, எழுத்து மூலம், வெளிப்படையாக நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் இந்த ஆட்சேபம் போகும். ஆகவே விசாரணைக்குப் போன இடத்தில் நீட்டப்படும் "ஆட்சேபம் இல்லை" படிவத்தில் கையெழுத்திடும் முன் படியுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

1. தபாலை மறுக்காதீர்கள். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு முறைப்படி அனுப்பினாலே கிடைத்ததாகக் கருத 3-ஆம் பிரிவு இடம் தருகிறது.

2. நகல்களைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்திலேயே "நடுவர் ஒப்பந்தம் இருப்பதை நான் ஏற்கவில்லை, என் ஆட்சேபங்களை விட்டுக்கொடுக்கவில்லை" என்று சேருங்கள்.

3. நடுவருக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்ற 16-ஆம் பிரிவு ஆட்சேபத்தை எதிருரை தாக்கல் செய்யும் நேரத்துக்குள் எழுப்புங்கள். நடுவர் நியமனத்தில் பங்கெடுத்ததால் இந்த உரிமை போகாது. எதிருரைக்குப் பிறகு எழுப்பினால் தாமதத்தை ஏற்கும்படி கெஞ்ச வேண்டிவரும்.

4. ஆட்சேபத்தோடு நின்றுவிடாமல், "இதற்குப் பாதகமின்றி" என்று சொல்லித் தொகை பற்றிய எதிருரையையும் தாக்கல் செய்யுங்கள். நடுவர் ஆட்சேபத்தைத் தள்ளினால் உடனே மேல்முறையீடு கிடையாது. விசாரணை தொடரும், தீர்ப்பு வந்த பிறகுதான் அதை எதிர்க்க முடியும். ஆட்சேபம் ஏற்கப்பட்டால் எதிர்த்தரப்புக்குத்தான் 37-ஆம் பிரிவில் மேல்முறையீடு.

5. போகாமல் விட்டால் தோற்றதாகச் சட்டம் கருதாது. கோருபவர் தன் வழக்கை நிரூபிக்கத்தான் வேண்டும். ஆனால் மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் நிரூபிப்பது எளிது.

6. இதே தாவாவுக்காக எதிர்த்தரப்பு சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நடுவர் விசாரணையே வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், வழக்கை நடுவரிடம் அனுப்பக் கேட்கும் 8-ஆம் பிரிவு மனுவை, முதல் எதிருரை தாக்கல் செய்யும் நாளுக்குள், ஒப்பந்தத்தின் அசல் அல்லது சான்றிட்ட நகலோடு போட வேண்டும்.

7. தீர்ப்பு வந்துவிட்டால், கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்குக் கிடைத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 34-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீதிமன்றம் தர முடியாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, ரத்து மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் 36(2)-ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டும். பணத் தீர்ப்பு என்றால் தொகை முழுவதையுமோ ஒரு பகுதியையோ கட்டும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கக்கூடும் என்பதால், அதற்கான ஏற்பாட்டோடு போக வேண்டும்.